கிணற்றில் பெட்ரோல் வாசம் என்று சொன்ன மருமகள்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், மண் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு இப்போது கைபேசியில் ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். ஒரு படியை முடித்துவிட்டதாக விரலால் தொட்டால்தான் அடுத்த படி திறக்கும். அதில் ஒரு படி, 'மாதிரியை முகர்ந்து பார்க்கக் கூடாது' என்கிறது. பெட்ரோல் கசிவைத் தேடிப் போகிறவன் முகர்ந்து பார்க்கக் கூடாது என்றால் அது என்ன வேலை சார் என்று, புதிதாகச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்.

பெட்ரோல் ஆவி உடம்புக்கு ஆகாது. இந்தக் காரணம் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். வேலூர், ஆம்பூர் பக்கத்துக்கென்று இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. எங்கள் மூக்கை நம்ப முடியாது.

நான் ஆம்பூரில் பிறந்தவன். தோல் பதனிடும் டேனரிகளின் வாசனைக்குள்ளேயே வளர்ந்தவர்களின் மூக்கு ஒரு கட்டத்தில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலை அவசரமாக மூடும் இடத்தில் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறப்போம்.

வேதியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். பிறகு வேலூரில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தேன். சில வருடங்கள் பாட்டில் கழுவினேன். அதன்பின் பாட்டிலில் மண் நிரப்பினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

களப்பிரிவுக்குத் தலைவர் பத்மநாபன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு செய்தவரிடம், "இதை நாளைக்கு கோர்ட்டுல ஒரு வக்கீல் கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு வசவே தேவலை.

மாதிரி எடுக்கும் நாளில் யாரும் சென்ட் போடக் கூடாது, கொசுக் களிம்பு தடவக் கூடாது, வண்டிக்கு எரிபொருள் போடக் கூடாது. கையிலோ சட்டையிலோ ஒட்டிய ஆவி மாதிரிக்குள் போய்விட்டால் பழி பங்க் முதலாளி மேல் விழும் என்பார். நியாயம்தான். ஆனால் ஒருமுறை பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் எங்கள் ஜீப் டீசல் தீர்ந்து நின்றது. நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஒரு பங்க். பத்மநாபன் சார் பங்கை ஒருமுறை பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஆளுயர மண் துளைப்பானைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

பெட்டிக்குள் எப்போதும் ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீர் இருக்கும். காலையில் எங்களோடு புறப்பட்டு, நாள் முழுக்கத் திறக்கப்படாமலே இருந்து, மாலையில் எங்களோடு திரும்பி வரும். வழியில் வேறு எங்கிருந்தாவது ஆவி பெட்டிக்குள் புகுந்ததா என்பதை அதைச் சோதித்துத் தெரிந்துகொள்வோம். "டீம்லயே நம்பக்கூடிய ஆள் அது ஒண்ணுதான்" என்பார். அவர் சிரித்துச் சொல்லவில்லை.

மாதனூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஊரிலிருந்து வேலை வந்தபோது அவரும் நானும்தான் போனோம். சாலையில் ஒரு பெட்ரோல் பங்க், அதன் பின்சுவரை ஒட்டி ஒரு தெரு. தெருவின் முதல் வீடு சரோஜாம்மாளுடையது. கொல்லையில் கிணறு. அவர் மகன் சேகருக்கு ஷூ கம்பெனியில் பசை தடவும் பிரிவில் வேலை. சேகரின் மனைவி விமலா, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த சில மாதங்களில், கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாசம் வருகிறது என்று சொன்னார்.

அதன் பிறகு நடந்ததை விமலாவே பின்னால் என்னிடம் சொன்னார். சரோஜாம்மாள் பக்கத்தில்தான் இருந்தார், எதையும் மறுக்கவில்லை.

வாசம் என்று மருமகள் முகத்தைச் சுளித்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "முழுகாம இருக்கியாடி?"

"இல்ல அத்தை, தண்ணி நாறுது."

"எனக்கும் சேகர் வயித்துல இருக்கும்போது சோறே நாறிச்சி."

மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மாங்காய் வந்தது, புளிமிட்டாய் வந்தது. குடியாத்தத்திலிருந்து விமலாவின் அம்மா முறுக்கோடு வந்து இறங்கினார். மருத்துவமனையில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குள் மாங்காய் தீர்ந்திருந்தது. தெருவுக்கு ஏமாற்றம். தண்ணீரின் வாசம் மட்டும் அப்படியே இருந்தது.

சேகரிடம் கேட்டிருக்கிறார். "எனக்கு காலையில இருந்து பொழுதுசாயற வரைக்கும் பசை வாசனைதான் விமலா. நீ பூ வச்சிருந்தாலும் எனக்கு பசைதான்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விட்டார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து முகர்ந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

விமலா கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடந்து பஸ் நிறுத்தக் குழாயில் பிடித்து வந்தார். சரோஜாம்மாளால் இதைத்தான் தாங்க முடியவில்லை. "என் ஊட்டுக் கிணத்துல தண்ணி நல்லாயில்லன்னு ஊருக்கே டமாரம் அடிக்கிறா" என்றார்.

விமலா மனு எழுதினார். அதை வாங்கிய அரசு அலுவலகத்தில் ஒருவர் படித்துவிட்டு, "பெட்ரோலுன்னு போட்டிருக்கியேம்மா. டேனரித் தண்ணின்னு மாத்திக் குடு. அதுக்குத்தான் ஃபைல் இருக்குது" என்றாராம்.

"டேனரி வாசம் இல்ல சார். பெட்ரோலு."

"அப்ப புதுசா ஃபைல் ஓப்பன் பண்ணணும். பேஜாரு" என்று சலித்துக்கொண்டே வாங்கி வைத்தார். அப்படித்தான் எங்களுக்கு வேலை வந்தது.

நாங்கள் முதல்முறை போனபோது பங்க் பளபளவென்று இருந்தது. முதலாளி லோகநாதன் மரியாதை தெரிந்த மனிதர், வாசலிலேயே நின்று வரவேற்றார். பத்மநாபன் சார் ஆவி அளக்கும் கருவியை உயிர்ப்பித்தார். அது உடனே அலறியது. வாசலில் அலறியது, சுவரருகே இன்னும் பலமாக அலறியது, தரையடித் தொட்டியின் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தவே இல்லை.

சார் குனிந்து மூடியை விரலால் தொட்டார். கையுறையில் வெள்ளி நிறம் ஒட்டியது.

"பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?"

"நேத்து சாயந்தரம் சார். பெரிய ஆபீசருங்க வர்றீங்கன்னு சொன்னாங்க. கேட்டு, காம்பவுண்டு, மூடி, எல்லாத்துக்கும் அடிக்கச் சொன்னேன்."

பெட்ரோலில் இருக்கும் சில சரக்குகள் பெயிண்டிலும் உண்டு. எது எதிலிருந்து வந்தது என்று கோர்ட்டில் வக்கீல் கேட்டால் பதில் கிடையாது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் வருவதாகச் சொல்லிவிட்டு சார் பெட்டியை மூடினார். லோகநாதன் வழியனுப்பும்போது, "அடுத்த தடவை வர்றதுக்குள்ள இன்னொரு கோட்டிங் குடுத்துடறேன் சார்" என்றார். இனி பெயிண்ட் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

நாங்கள் போனதும் தெருவில் செய்தி வேறு மாதிரி பரவியது. ஆபீசர்கள் வந்தார்கள், மெஷின் பெயிண்டைப் பார்த்துக் கத்தியது, போய்விட்டார்கள்.

சரோஜாம்மாள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார். குடியாத்தத்திலிருந்து விமலாவின் அப்பாவையும் வரவழைத்தார். முடிவு இதுதான்: கிணற்றைத் தூர் வாருவது. தூர் வாருகிறவர் அடியில் ஊறும் தண்ணீரை எல்லார் எதிரிலும் குடிப்பார். பிறகு விமலாவும் குடிக்க வேண்டும், இனி வாசம் கீசம் என்று வாய் திறக்கக் கூடாது. குடிக்க மாட்டேன் என்றால் அன்றைக்கே அப்பாவோடு குடியாத்தத்துக்குப் போய்விட வேண்டும். கம்பெனிக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். பங்கில் கூட்டம் கம்மியாக இருக்கும் என்று எங்களுக்கு லோகநாதன் சொன்னதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

பங்கின் பின்சுவர் ஓரம் நான் துளைப்பானைக் கீழே வைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் தெரிந்தது. கிணற்றில் மோட்டார் ஓடித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் ஒருவர் உட்கார்ந்து அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தூர் வாருவதில் பெயரெடுத்த ஏழுமலை அவர். பழைய கிணற்றில் கெட்ட காற்று தேங்கியிருக்கும் என்பது அவர் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். நிறையப் பேரைக் காப்பாற்றிய வழக்கம். அடியில் பெட்ரோல் ஆவி தேங்கிய கிணற்றில் மட்டும், இறக்குகிறவரையும் சுற்றி நிற்கிறவர்களையும் சேர்த்துக் கொளுத்திவிடும்.

களத்தில் ஓடக் கூடாது என்பது பத்மநாபன் சாரின் விதி. அன்றும் அவர் ஓடவில்லை. அவர் நடந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க நான்தான் ஓடினேன்.

"விளக்கை ஏத்தாதீங்க" என்றார்.

ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தாம எறங்க மாட்டேன் சார். சேஃப்டி."

"நானும் அதுக்குத்தான் சொல்றேன். சேஃப்டி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில் பாதுகாப்பை மதிக்கிற இரண்டே பேர் அவர்கள்தான் என்று தோன்றியது.

யாரோ மோட்டாரை நிறுத்தப் போனார்கள். "சுவிட்சைத் தொடாதீங்க, பொறி வரும். வீட்டுக்குள்ள போய் மெயின்ல ஆஃப் பண்ணுங்க" என்றார் சார். சேகர் உள்ளே ஓடினார். மோட்டார் நின்றது. சார் கருவியின் குழாயைக் கிணற்றுக்குள் விட்டார். அது அலறியது.

"இது பெயிண்டுக்குக் கத்துன மெஷின்தானே?" என்றார் ஏழுமலை.

கூட்டம் சிரித்தது. கிணற்றுக்குள் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை என்று சார் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை.

"இவ மனு குடுத்து வந்த ஆளுங்கதானே. இவளுக்குத்தான் பேசுவாங்க" என்றார் சரோஜாம்மாள். "நீ ஏத்து ஏழுமலை."

ஏழுமலை கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த தீப்பெட்டியைத் தேடினார். அது விமலாவின் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "இங்கதான் இருக்குது. யாருக்கு வேணுமோ வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

"குடு தாயி. பொழுது போவுது" என்றார் ஏழுமலை. "குடியாத்தத்துல வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டறீங்க. என்னோடத வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போற?"

"நீங்க உயிரோட ஊடு போய்ச் சேருங்கண்ணா. அப்புறம் ஒரு பண்டலே அனுப்பறேன்."

விமலாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சேகர் அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழுமலை யோசித்தார். கோபக்காரர் இல்லை, தொழில்காரர். "விளக்கு கூடாதுன்னா இன்னொரு வழி இருக்குது சார். எங்கப்பா காலத்துல கோழிய எறக்கிப் பாப்பாங்க."

பத்மநாபன் சாருக்குத் தெரிந்த எந்தக் கையேட்டிலும் கோழி இல்லை. "கோழியால தீப்பொறி வராது" என்றார் அவர்.

யாருடைய கோழி என்ற கேள்வி எழுந்தது. யாரும் தரத் தயாராக இல்லை. சரோஜாம்மாள் தன்னுடைய கறுப்புப் பெட்டையைப் பிடித்து வந்தார். தெருவிலேயே ஜாஸ்தி முட்டை போடும் கோழி அது. "என் கிணத்துல என் கோழிக்கு இன்னா ஆயிடும்? எறக்கு."

சார் கூடையைப் பரிசோதித்தார். மூங்கில், இரும்பு வளையம் இல்லை. தேங்காய் நார்க் கயிறு, சரி. எல்லாரும் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினார்கள். அணைத்து உள்ளே வைத்துவிட்டுச் சுவருக்கு அப்பால் போகச் சொன்னார். என் உத்தியோகத்தில் அவ்வளவு ஒழுங்காக நடந்த ஆயத்தம் வேறு இல்லை. ஏழுமலை கூடையை மெதுவாக இறக்கினார். கொக்கரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மேலே வந்த கோழிக்குக் கழுத்து நிற்கவில்லை. கண் மூடியிருந்தது. சரோஜாம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடினார். மடியில் கிடத்தி முறத்தால் விசிறினார். வெகுநேரம் கழித்துக் கோழி எழுந்தது. நேராக நடக்கப் புறப்பட்டுப் பக்கவாட்டில் போய், சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்த லோகநாதனின் காலில் முட்டி உட்கார்ந்தது.

"டேய் சேகரு! கிணத்துல இன்னாமோ இருக்குதுடா!" என்று கத்தினார் சரோஜாம்மாள்.

"அதைத்தானே அத்தை ஆடி மாசத்துல இருந்து சொல்றேன்" என்றார் விமலா.

"நீ சொன்ன. கோழி பொய் சொல்லுமா?"

ஏழுமலை விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது விமலாவிடம் கையை நீட்டினார். விமலா தீப்பெட்டியைக் கொடுத்தார். அன்றைக்கு யாரும் குடியாத்தம் பஸ் ஏறவில்லை, விமலாவின் அப்பாவைத் தவிர. அவரும் மத்தியானச் சாப்பாடு முடித்துத்தான் போனார்.

நாங்கள் எங்கள் வேலைக்குத் திரும்பினோம். தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே கோடு போட்டு இடங்களைக் குறித்தோம். தரைக்கடியில் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று லோகநாதனிடம் வரைபடம் கேட்டோம். காட்டினார். அதை நம்பாமல் முதல் சில அடிகளைக் கைக்கருவியால் சுரண்டியே தோண்டினோம். காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி நின்று, பொறி தெறிக்காமல் இருக்க இரும்புக்குப் பதில் பித்தளைக் கருவி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறை துளைப்பானை இறக்குமுன்பும் குழிக்குள் ஆவி எவ்வளவு என்று பார்த்தோம். அளவு மீறினால் விலகி நின்று, காற்று கலைக்கும்வரை காத்திருந்தோம்.

மேலே வந்த மண்ணில் ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, கொஞ்ச நேரம் விட்டு, பைக்குள் கருவியின் முனையைச் செருகினேன். எந்த ஆழத்தில் அலறல் ஜாஸ்தியோ அந்த ஆழத்து மண்தான் பாட்டிலுக்கு. புதுக் கையுறை மாட்டி, கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை காற்றில்லாமல் அடைத்து, விளிம்பைத் துடைத்து, மூடி, பெயர் ஒட்டி, ஐஸுக்குள் வைத்தேன். அடுத்த பாட்டிலுக்கு மறுபடி புதுக் கையுறை. மதியத்துக்குள் லோகநாதனின் ஆட்கள் நாங்கள் கழற்றிப்போட்ட கையுறைகளைப் பார்த்து, கைக்கு ஏதோ வியாதி என்று முடிவுகட்டியிருந்தார்கள். நான் எந்த மண்ணையும் முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் கேட்டேன். "சார், கோழியை ரிப்போர்ட்டுல எழுதணுமா?"

"கோழியும் ஒரு கருவின்னா, அது சரியா அளக்குதுன்றதுக்கு சர்ட்டிபிகேட் எங்கன்னு வக்கீல் கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

எழுதவில்லை.

மண்ணில் பெட்ரோல் இருந்தது. தொட்டியிலிருந்து கிளம்பும் குழாயின் இணைப்பை நெருங்க நெருங்க அளவு கூடியது. அங்கே தோண்டியபோது இணைப்பு விட்டுப்போயிருந்தது. தினமும் காலையில் தொட்டிக்குள் அளவுகோல் விட்டுப் பார்த்து, சரக்கு கொஞ்சம் குறைவதை வெயில் குடித்துவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த லோகநாதன், அந்த ஓட்டையின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் என்று தெரியவில்லை. கெட்ட மண்ணை வெட்டி எடுத்துப் போனார்கள். கிணற்றைக் கான்கிரீட் பலகையால் மூடினார்கள். தெருவுக்குப் புதிதாகக் குழாய் வந்தது.

பத்மநாபன் சார் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மிச்சம் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்க அந்தத் தெருவுக்கு மறுபடி போனோம். சரோஜாம்மாள் வீட்டு வாசலில் குடத்தோடு நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். விமலா ஒவ்வொரு குடமாகக் குனிந்து முகர்ந்து, தலையை ஆட்டினார். தலை ஆடியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் விமலா பார்க்காமல் அந்தத் தெருவில் யாரும் குடிப்பதில்லை என்று சேகர் பெருமையாகச் சொன்னார். பக்கத்துத் தெருவிலிருந்தும் வருகிறார்களாம்.

கூட்டம் கலைந்ததும் விமலா என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், எனக்கு இப்ப ஒரு வாசமும் தெரியறதில்ல."

"எப்ப இருந்து?"

"போன வருஷத்துல இருந்தே. டேனரி வாசமே வர்றதில்ல. கம்பெனி பஸ்ஸு பக்கத்துல போனாலும் தெரியல. இந்தத் தெருக்காரங்க மாதிரியே ஆய்ட்டேன்."

"வீட்டுல சொல்லிடலாமே."

"சொன்னேன் சார். அத்தைகிட்ட சொன்னேன், அவர்கிட்ட சொன்னேன், தெருவுக்கே சொன்னேன். ஒருத்தரும் நம்பல. தன்னடக்கமா பேசறேன்றாங்க."

பத்மநாபன் சார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். எங்களுக்குக் கொடுத்த வேலையில் குழாய்த் தண்ணீர் கிடையாது. விமலா அதைக் குழாயடியில் பிடித்தார். "வழியற வரைக்கும் புடிங்க. உள்ள காத்து நிக்கக் கூடாது" என்றார் சார். நான் மூடியைத் திருகி, தேதியும் இடமும் எழுதினேன்.

சரோஜாம்மாள் கோழிகளுக்குத் தீனி போட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் விமலாவே மோந்து பாத்துட்டாளே சார்," என்றார். "அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?"